திரையில் தெரியாத ரிலே

அன்னக்கிளி திருமுல்கேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போவாள். மத்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில், வரைபடப் பிரிவில், ட்ரேசர். எஞ்சினியர்கள் பென்சிலில் கிறுக்கித் தரும் சர்க்யூட்டை மையில் சுத்தமாகப் படியெடுப்பதுதான் வேலை. பத்தொன்பது வயதில் சேர்ந்தவளுக்கு 1986இல் நாற்பத்திரண்டு.

அந்த வருஷம் சர்க்யூட் வரையும் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஏசி அறை கட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு, இனி கையால் வரையும் வேலையே இருக்காது என்று டெபுடி மேனேஜர் சுந்தரேசன் பேசினார். ட்ரேசர்களும் கைதட்டினார்கள்.

மூன்றாம் வாரம் ஒரு கோளாறு தெரிந்தது. ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் எல்லாம் திரையில் வந்தன; மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலே மட்டும் வரவில்லை. பேனா பிடித்துக் காகிதத்தில் வரையும் பிளாட்டரும் ரிலே வரவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது. ஆனால் பாகங்களின் பட்டியலை அச்சடித்தால் ஒவ்வொரு ரிலேயும் எண்ணோடு இருந்தது. விற்ற வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதினார்கள். அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லி டெலக்ஸ் வந்தது. போட்டுப் பார்த்தார்கள். பிறகு கமிட்டி அமைத்தார்கள்.

உற்பத்தி நிற்க முடியாதே. அதனால் கம்ப்யூட்டர் வரைந்த படங்கள் அன்னக்கிளியின் மேஜைக்கு வந்தன. ரிலேக்களை அவள் கையால் வரைந்து சேர்த்தாள். எட்டு மாதம் இப்படிப் போயிற்று.

ஒருநாள் ஒரு ரிலே எந்தப் பக்கம் பார்த்து உட்காரவேண்டும் என்று புரியவில்லை. கேட்பதற்காக ஏசி அறைக்குப் போனாள். ஆபரேட்டர் அப்துல் ரஹீம், கண்ணுக்குத் தெரியாத அந்த ரிலேயை அவளுக்காகத் திரையில் இழுத்துக் காட்டினான்.

"ரஹீம், அதை இன்னொரு தடவை இழு."

"எதுக்கு அக்கா? காலி இடம்தானே?"

"காலி இடம் கோட்டைத் திங்குமா? பச்சைக் கோட்டைப் பாரு."

அவன் இழுத்தான். ரிலே கடந்துபோன இடத்திலெல்லாம் பச்சைக் கம்பிக் கோடு கொஞ்சம் அறுந்தது. தப்பான கோட்டின்மேல் வெள்ளை மை பூசினால் கீழே இருப்பது இப்படித்தான் அறுபடும். இருபத்து மூன்று வருஷமாக அவள் பார்த்துவந்தது அது.

"இல்லாம இல்லப்பா. கறுப்புத் திரையில கறுப்பா வரைஞ்சிருக்கு."

ரஹீம் பாகங்களின் குறிப்புகளைத் திறந்தான். ரிலேக்கு நேரே நிறம் பூஜ்யம் என்று இருந்தது. பூஜ்யம் என்றால் திரைக்குக் கறுப்பு, பிளாட்டருக்குப் பேனாவே இல்லை. பாகத்தைச் சேர்க்கும்போது நிரப்பிய பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தார்கள். சிவப்பா மஞ்சளா என்று இரண்டு இலாகாக்கள் சண்டை போட்டதில், சுந்தரேசன் தலைமையிலான கூட்டம் 'பின்னர் முடிவு செய்யப்படும்' என்று எழுதிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தது. கம்ப்யூட்டர் அதுவரை காத்திருக்கவில்லை; காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது.

ரஹீம் ஒன்று என்று தட்டினான். ரிலே சிவப்பாக வந்து நின்றது. தன் கையிலிருந்த வேலையைத் தானே ஒழித்துக்கொண்டோம் என்பது அன்னக்கிளிக்குச் சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சுந்தரேசன் வந்து பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"நல்லா கண்டுபிடிச்சீங்கம்மா. ஆனா இந்தக் கோளாறுக்காக நான் அந்தக் கம்பெனிக்கே போய்ட்டு வரணும்னு டெல்லியில சாங்ஷன் ஆயிடுத்து. கோளாறு இல்லேன்னா நான் எதுக்குப் போறது?"

"அதனால, சார்?"

"பழையபடி பூஜ்யத்தையே போட்டு வைங்கோ. மூணு வாரம்தான்."

அன்னக்கிளி யோசித்தாள். "சரி சார். அதுவரைக்கும் கையாலயே வரையறேன். ஆனா இந்த ரூம்ல எனக்கு ஒரு நாற்காலி வேணும். புதுசா என்ன பாகம் சேர்த்தாலும் படிவத்தை நான் பார்த்துத்தான் சேர்க்கணும்."

"ட்ரேசரை உள்ளே உட்கார வைக்க ரூல் இல்லையேம்மா."

"பூஜ்யம் போட்டு வைக்கறதுக்கும் ரூல் இல்ல சார்."

சுந்தரேசன் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் நாற்காலிக்கான உத்தரவு டைப் ஆகி வந்தது. தற்காலிகமாக என்றுதான் போட்டிருந்தார்கள்.

சுந்தரேசன் புது சூட்டோடும் நாற்பது பக்க அறிக்கையோடும் திரும்பினார். எல்லோர் முன்னிலையிலும், அந்த ஊரில் வழக்கம் என்று சொல்லி, ரிலேக்கு மஞ்சள் நிறத்தைக் கொடுத்தார். திரையில் பளிச்சென்று தெரிந்தது. கைதட்டினார்கள். இரண்டே மாதத்தில் மேனேஜராகிப் பெங்களூர் போனார்.

அவர் போன வாரமே, அதுவரை பொறுத்திருந்த உற்பத்திக் கூடத்திலிருந்து புகார் வந்தது. வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள் மை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் ரிலே தெரியவில்லை. அன்னக்கிளி யாரையும் கேட்காமல் ரஹீமிடம் சொல்லிச் சிவப்பாக்கினாள். புகார்ப் பதிவேட்டில் 'தானாகவே சரியாகிவிட்டது' என்று எழுதி மூடினார்கள்.

தற்காலிக உத்தரவு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீண்டுகொண்டே போயிற்று. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் அன்னக்கிளி திருப்பிக் கொடுத்துவிடுவாள். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் நிரப்பிக் கொண்டுவந்தார்கள்.