யாரும் கறக்காத பால்

இங்கே பால் பையில் வரும். ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் மூன்று சின்னப் பைகள், குட்டித் தலையணைகள் மாதிரிக் குளிர்ந்துபோய்க் கிடக்கும். ஒன்றை எடுத்து, அதற்கென்றே விற்கிற சாடிக்குள் இறக்கி, மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டி வார்க்க வேண்டும். ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு, மில்லிக்கனில் மகன் வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் காலையில் இந்த மூலையை வெட்டுவது என் வேலை. வெட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். இது எந்த மாட்டின் பால்? கறுப்பா, சிவப்பா? கன்று நிற்கிறதா? ஊரில் பால் வாங்கினால் மாட்டையும் தெரியும், கன்றையும் தெரியும், கறக்கிறவளின் கோபதாபமும் தெரியும். இந்தப் பையைப் பிடித்து யாரைக் கேட்பது?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள். படிப்பு இல்லையே தவிர, மாட்டைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் போன ஐப்பசி மாதம் வரைக்கும் நினைத்திருந்தேன். எங்கள் ஊரில், சாவகச்சேரிப் பக்கத்தில் யாராவது மாடு வாங்குவதென்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மடியைப் பார்ப்பேன். காம்பைப் பிடித்துப் பார்ப்பேன். தோலைக் கிள்ளி இழுத்துப் பார்ப்பேன். மயிர்ச்சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பேன். பிறகு ஒரு சொல் சொல்வேன், அவ்வளவுதான். என் சொல்லுக்கு மேலே பேச்சில்லை.

என் மூத்தவன் குகன் பிறம்ரனில் உள்ள ஒரு கம்பனிக்கு ட்றக் ஓட்டுகிறான். கலியாணம் கட்டவில்லை, வீட்டில் அவனும் நானும்தான். கிழமையில் பாதி நாள் அவன் சாப்பாடு, நித்திரை எல்லாம் ஹைவேயில். முதுகு நோகிறது என்று சொல்லமாட்டான், ஆனால் படியேறும்போது கைபிடியைப் பிடிக்கிற பிடியில் எனக்குத் தெரியும். ஒருநாள் வந்து, ஒஷாவாவுக்கு அங்கால் கொஞ்ச நிலமும் ஒரு பழைய மாட்டுக் கொட்டிலும் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன், மாடு வளர்க்கப் போகிறேன் என்றான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பால் மாடு இல்லை, இறைச்சி மாடு என்று அடுத்ததாகச் சொன்னான். நாங்கள் சைவம். கொஞ்ச நாள் அவன் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன்.

ஒரு காலை, கதவு வாசலில் வந்து நின்றான்.

"எணை அம்மா, உங்களைச் சாப்பிடச் சொல்லேல்லை. நானும் சாப்பிடப் போறேல்லை. ஒரு வயது போன மனுசி தன்ர மாடுகளை விக்கிறா. நல்லதுகளைப் பாத்துத் தாங்கோ எண்டுதான் கேக்கிறன்."

"உன்ர கண்ணுக்கு என்ன வந்தது?"

"எனக்கு மாட்டைத் தெரியாதம்மா. கொட்டிலில இருக்கிற வைக்கலுக்கு அளவாத்தான் மாடு எடுக்கலாம். பிழையான மாட்டை எடுத்தால் குளிர் முழுக்கச் சும்மா தீனி போடவேணும். இது சரிவராட்டி நான் சாகும்வரைக்கும் ட்றக்தான்."

இறைச்சி என்ற சொல்லை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டு, சப்பாத்தைப் போட்டேன். மாடு பார்க்கக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியாது.

அந்த மனுசியின் பெயர் ஹெலன். என் வயதுதான் இருக்கும். புருசன் செத்துவிட்டார், முழங்கால் இரண்டும் போய்விட்டன, மாடுகளை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறா. என்னைக் கண்டதும் கையை நீட்டினா. நான் கும்பிட்டேன். பிறகு நான் கையை நீட்ட, அவ கும்பிட்டா. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வேலியருகே போனதும்தான் அந்தச் சத்தம் கேட்டது. அன்றுதான் கன்றுகளைப் பால்மறப்பித்திருந்தார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் தாய்கள், அந்தப் பக்கம் கன்றுகள். ஒன்றையொன்று பார்க்கலாம், முகரலாம், குடிக்க முடியாது. வயல் முழுக்க ஒரே கதறல். இந்த நாட்டில் இத்தனை அம்மா என்ற சத்தத்தை நான் ஒன்றாகக் கேட்டதில்லை.

வேலிக்கு மேலால் எட்டி மாடுகளைப் பார்த்தேன். ஊரில் அப்படி உடம்பைக் கண்டதில்லை. முதுகில் பாய் விரித்துப் படுக்கலாம். ஆனால் மடியைப் பார்த்தால் வயிற்றோடு ஒட்டிய சின்ன மடி. எவ்வளவு கறக்கும் என்று கேட்க நினைத்தேன். இங்கிலீசு வராது. இரண்டு கையையும் நீட்டிக் கறக்கிற மாதிரிக் காட்டி, "மில்க்? மில்க்?" என்றேன். ஹெலன் தலையை ஆட்டிவிட்டு, நொண்டி நொண்டி வீட்டுக்குள் போய் ஒரு கிளாஸ் நிறையப் பால் கொண்டுவந்து தந்தா. குளிர்ந்த பால். ஜன்னலுக்கு உள்ளே அவவின் மேசையில் சாடியும், மூலை வெட்டிய பையும் இருந்ததைக் கண்டேன்.

"குகன், இவ்வளவு மாட்டை வச்சுக்கொண்டு பையிலயோ பால் வாங்குறா?"

"இதுகளை ஒருத்தரும் கறக்கிறேல்லையம்மா. முழுக்கக் கண்டுக்குத்தான்."

"முழுக்கவோ?"

"ஓம். ஒரு சொட்டும் எடுக்கிறேல்லை."

நான் கிளாசைக் கையில் பிடித்தபடி நின்றேன். எங்கள் ஊரில் கன்றைச் சுரக்க விடுவோம், மடி இறங்கினதும் இழுத்துக் கட்டுவோம், ஒரு காம்பை மிச்சம் விட்டால் அது பெரிய மனது. பசு என்றால் எங்களுக்குச் செம்பில் விழுகிற பால்தான். கன்று விலா எலும்பு தெரிய நிற்கும், அது கண்ணில் படுவதேயில்லை. மாட்டைத் தெய்வம் என்று கும்பிடுகிற நாங்கள் அப்படி. வெட்டப்போகிற இவர்கள் கன்றின் வாயில் இருந்து ஒரு சொட்டும் பறிப்பதில்லை. இதை என்னவென்று எடுப்பது? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னேன். கால், கண், பல், நடை. குகன் ஹெலனைப் பார்ப்பான், அவவும் தலையாட்டுவா. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு மாட்டுக்குத்தான் இடம் மிச்சம். எனக்கு யோசனையே இல்லை. வெள்ளை முகத்தோடு ஒரு சிவப்பி நின்றாள், கோயில் தேர் மாதிரி. தோல் எண்ணெய் பூசினாற்போல மினுங்கியது.

"உவளை எடு," என்றேன். "மகாலட்சுமி."

ஹெலன் தலையாட்டவில்லை. தன் கைத்தடியால் இன்னொரு மாட்டைக் காட்டினா. கறுப்பு. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, வயிறு உள்ளே போய், வாலடியில் மயிர் உதிர்ந்து நின்றது. தோளுக்குப் பின்னால் சுழி வேறு, வீட்டுக்கே ஆகாத இடத்தில்.

"உந்த எலும்பையோ? மனுசி என்னை ஏமாத்தப் பாக்குது. விலைபோகாததை எங்கட தலையில கட்டப் போறா. நீ சிவப்பியை எடு."

குகன் ஹெலனிடம் ஏதோ கேட்டான். அவ சட்டைப் பையில் இருந்து மடித்த தாள்களை எடுத்துக் கொடுத்தா. அவன் வாசித்து எனக்குச் சொன்னான். அவர்கள் மாட்டை நிறுத்துப் பார்ப்பதில்லையாம். பால்மறக்கும்போது கன்றை நிறுப்பார்களாம். அதுதான் தாயின் கணக்கு. கறுப்பி வருசம் தவறாமல் ஈன்றிருக்கிறாள். அந்தந்த வருசத்துக் கன்றுகளின் சராசரியை நூறு என்று வைத்தால், கறுப்பி வளர்த்த கன்று ஒவ்வொரு முறையும் நூறுக்கு மேலே. சிவப்பியின் கன்றுகள் கீழே. ஒரு வருசம் அவள் ஈனவும் இல்லை.

"கனக்க முந்திப் பிறந்த கண்டு கனக்க நிறைதானே இருக்கும்? உது என்ன கணக்கு?" என்றேன். நான் சும்மா விடுகிற ஆள் இல்லை.

அவன் கேட்டுச் சொன்னான். முந்திப் பிறந்ததையும் பிந்திப் பிறந்ததையும் ஒரே வயதுக்குக் கொண்டுவந்துதான் பார்ப்பார்களாம். ஆண், நாம்பன் கன்று இயல்பாகவே நிறை கூட என்பதால் பெண், நாகு கன்றுக்கு அதற்கேற்றபடி சேர்த்துக்கொடுப்பார்களாம். முதல் ஈற்றுத் தாய்க்குப் பால் குறைவு, அவளே இன்னும் வளருகிறவள் என்று அவளுக்கும் ஒரு சலுகை. அதற்குப் பிறகும், அதே வருசம் அதே வயலில் மேய்ந்த மாடுகளோடு மட்டும்தான் ஒப்பிடுவார்களாம். மழை பெய்த வயலில் நின்றதையும் காய்ந்த வயலில் நின்றதையும் பக்கத்தில் நிறுத்தி இது நல்லது, அது கூடாது என்று சொல்லமாட்டார்களாம்.

நான் குகனின் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தேன்.

மாட்டுக்கு இவ்வளவு நியாயம் பார்த்திருக்கிறார்களே! குகன் பிறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எனக்கு யார் சலுகை தந்தது? அவன் பத்தாம் வகுப்புப் படிக்க வேண்டிய வருசம் நாங்கள் சண்டையில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குள்தான் இருந்தோம். வாங்கில் படுத்தோம், கரும்பலகையில் ஈரத்துணி காயப்போட்டோம். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே குடியிருந்த பிள்ளைக்குப் படிப்பு இல்லை. அந்த வருசம் நான் அரைவயிறு கஞ்சி குடித்து அவனை நெடுநெடுவென்று வளர்த்தேன். இங்கே கோயிலில் பூமணி அக்கா ஒவ்வொரு வெள்ளியும் கேட்பா: "குகன் இன்னும் ட்றக்தானோ? பாவம், கெட்டிக்காரப் பெடியன்." அவவின் மகன்மார் இரண்டு பேரும் சின்னனிலேயே இங்கே வந்தவர்கள், ஒருவன் பல்வைத்தியன், மற்றவன் எஞ்சினியர். நான் திருநீற்றைப் பூசிக்கொண்டு வருவேன்.

ஆனாலும் தாளை மட்டும் நம்பி மாடு எடுக்கிற ஆள் நான் இல்லை.

"கண்டைக் காட்டச் சொல்லு," என்றேன்.

தாயின் காதில் குத்தின மஞ்சள் வில்லையில் இருக்கிற இலக்கம்தான் கன்றின் காதிலும் இருக்கும். இலக்கம் எனக்கு வாசிக்கத் தெரியும். வேலியோரமாக நடந்து நானே தேடினேன். சிவப்பியின் கன்றை முதலில் கண்டேன். தலை பெரிதாக, உடம்பு சுருங்கி, மயிர் சிலிர்த்து நின்றது. சிவப்பி அதைத் திரும்பியும் பார்க்காமல் புல் மேய்ந்துகொண்டிருந்தாள். கறுப்பியின் கன்றைத் தேட வேண்டியிருக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவளுக்கு நேரே நின்றது. நாம்பன். அகன்ற நெஞ்சு, தடித்த கழுத்து, மினுங்குகிற முதுகு. தாயைவிட அதுதான் மாடு மாதிரி இருந்தது. கறுப்பியின் உடம்பில் இல்லாத சதை முழுக்க அங்கே நின்றது. அவள் கம்பிக்குள் மூக்கை விட்டு அதன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கறக்காத பாலைக் கன்றின் உடம்பில் வைத்து நிறுக்கிறார்கள். சிவப்பி தின்றது சிவப்பியில் நிற்கிறது. கறுப்பி தின்றது வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. இது இவ்வளவு காலம் என் கண்ணுக்குத் தெரியாமல் போனதே!

ஹெலன் பக்கத்தில் வந்து கறுப்பியின் இடுப்பெலும்பைத் தட்டிக்கொடுத்து, "குட் மம்," என்றா. அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"மோனே, கறுப்பியை எடு."

"சுழி சரியில்லையெண்டு சொன்னியள்?"

"சுழி கிடக்கட்டும். அவள் செய்ததைப் பார்."

"அப்ப மகாலட்சுமி?"

"நக்கலோ? எடடா எண்டால் எடு."

அவன் சிரித்தான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம்! திரும்பும்போது காருக்குள் நான்தான் கேட்டேன், அந்த நாம்பன் எங்கே போகும் என்று. குகன் ஹைவேயைப் பார்த்தபடி, "லொறியிலதானம்மா," என்றான். இவ்வளவு நன்றாக வளர்த்ததற்கு இதுதான் முடிவா என்று நான் கேட்கவில்லை. சிவப்பியும் அந்தக் கிழமையே ஏலத்துக்குப் போனாள்.

அடுத்த வெள்ளி கோயிலில் பூமணி அக்கா வழமைபோலக் கேட்டா. நான் திருநீற்றுத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஓமக்கா, ட்றக்தான். ஆனால் உங்கட பிள்ளையளும் என்ர பிள்ளையும் ஒரே வயலில மேயேல்லை."

"என்ன, வயலோ? குகன் வயலும் வாங்கிட்டானோ?" என்று அவ வாயைப் பிளந்தா. நான் விளங்கப்படுத்தவில்லை. வீடு வரும்வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல். குகன் இன்னும் ட்றக்கை விடவில்லை, ஆனால் அன்று லீவு எடுத்தான். வீட்டில் பொங்கி, பானையைப் போர்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒஷாவாவுக்கு அங்கால் போனேன். வயலும் வேலியும் வானமும் ஒரே வெள்ளை. மற்ற மாடுகள் கொட்டிலோரம் ஒதுங்கி நிற்க, கறுப்பி மட்டும் என்னிடம் வந்தாள். இடுப்பெலும்பு மறைந்திருந்தது, வயிற்றில் அடுத்தது வளர்ந்துகொண்டிருந்தது. காதில் ஹெலன் போட்ட மஞ்சள் இலக்கம் ஆடியது. நெற்றியில் சந்தனத்தை வைத்தேன். வைத்த உடனேயே அது உறைந்து காய்ந்த மண் மாதிரி ஆகிவிட்டது. பொங்கலை உள்ளங்கையில் எடுத்து நீட்டினேன். அது பையில் வாங்கிய பாலில் பொங்கியது. எந்தப் பசுவின் பால் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மூக்கில் இருந்து புகை பறக்க முகர்ந்து பார்த்தாள். பிறகு அந்தச் சொரசொரப்பான நாக்கால் என் கையை ஒரு பருக்கை விடாமல் நக்கினாள். கை காய்வதற்குள் குளிர் கடித்தது. அந்தக் கையை இழுத்துக் கையுறைக்குள் போட மனம் வராமல், பனிக்குள் நீட்டியபடியே நின்றேன்.