விக்கெட்டுக்குப் பின்னால் ஒரு குரல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் பிள்ளைகளின் கிரிக்கெட் ஆட்டம். என் மகள்தான் விக்கெட் கீப்பர். பேட்டோடு நின்ற சின்னப் பையனிடம் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: “இன்னா தம்பி, காலு டைப் அடிக்குது?”

பிளாஸ்டிக் நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருந்த எனக்கு, இந்த வயதில், கால் வெடவெடவென்று டைப் அடித்தது.

என் சிறுவயதில், எளாவூர் செக்போஸ்ட் பக்கத்துப் பொட்டல். புழுதியும் டீசல் வாசமும். அந்த நாளில் எங்கள் ஊர் டோர்னமென்ட்டில் மைக் இல்லாமல் பந்து உருளாது. மைக் பிடித்தவர் என் சொந்த மாமா. “அடுத்து நம்ம அக்கா பையன் வர்றாரு. பேட்டு இவரத் தூக்கினு வருது, வழி உடுங்கப்பா!” காத்திருந்த லாரிகளெல்லாம் ஹாரன் அடித்தன. பவுலர் ஓடி வருவது தெரிந்தது. பந்து மட்டும் தெரியவில்லை. ஸ்டம்பு சாய்ந்த சத்தத்தைப் போல நிம்மதி தந்த சங்கீதத்தை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

வீட்டில் மாமா முதுகில் தட்டினார். “வெளையாட்டுன்னா நாலு பேரு கத்தத்தான்டா செய்வாங்க.” தலையாட்டினேன். மறுபடி பேட்டைத் தொடவில்லை.

இங்கே அந்தப் பையன் அடுத்த பந்திலேயே போல்டானான். என்னைத் தாண்டிப் போனபோது அவன் முகத்தில் அழுகை இல்லை, அதே நிம்மதி.

இடைவேளையில் மகள் ஓடி வந்தாள். “அப்பா, பேசிப் பேசியே அவன அவுட்டாக்கிட்டேன், பாத்தியா?”

இனி அப்படிப் பேசாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்து என்னையும் “காலு டைப் அடிக்குதா?” என்று கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.