நாற்பது நாள் மூத்தவள்

எங்கள் வீட்டில் நடந்த ஒரே வீரச்செயல் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது நடந்தது. இதை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை. யாரை மன்னிக்கவில்லை என்று கேட்டால் அப்போது தயங்காமல் அக்காவைத்தான் சொல்லியிருப்பேன்.

எனக்கு ஒன்பது வயது. ஷார்ஜா தொழில்பேட்டையை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தில், கீழே டயர் கடை, மேலே நாங்கள். ஒரு படுக்கையறை, ஒரு ஹால். அப்பா கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் மரத்தடுப்பும் அலமாரியும் செய்து பொருத்துகிற வேலையில் இருந்தார். பெரியப்பாவின் கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்த குடும்ப வீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டதால், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறோம் என்று அவரும் பெரியம்மாவும் அவர்கள் மகளும் எங்களோடு வந்து தங்கினார்கள். அந்த ஒரு மாதத்துக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது.

ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம் என்பது அங்கே விதி. விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பதிலும் தயாராக இருக்கும். யார் கேட்டாலும், "பெரியப்பா வீட்டுல நேத்துதான் வந்தாங்க, விருந்தாளி" என்று சொல்ல வேண்டும். இதை எனக்கும் பெரியப்பா மகளுக்கும் வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆக, ஒன்பது மாதமாக அவர்கள் நேற்றுதான் வந்திருந்தார்கள்.

அந்த விருந்தாளிக்குத்தான் என் கட்டிலில் பாதி போனது. அலமாரியில் பாதி போனது. அவள் என்னைவிட நாற்பது நாள் மூத்தவள். நாற்பது நாளுக்காக நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. அவள் முதல் ரேங்க். நான் எந்த ரேங்க் என்று எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. பெரியம்மா ஒரு மழலையர் பள்ளியில் ஆயா வேலைக்குக் காலையிலேயே போய்விடுவதால், அம்மாதான் எங்கள் இருவருக்கும் தலை பின்னுவாள். முதலில் அக்காவுக்கு. "அவ ஆடாம உக்காருவா, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்பாள். முறுகலான தோசையும் அவளுக்குத்தான், அவள் கேட்க மாட்டாளாம். கேட்காத பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்றால், கேட்டு வாங்கியே பழகிய பிள்ளை என்ன செய்யும்? எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற அம்மாவையே பங்கு போட வந்துவிட்டாளே என்று எரிந்தது.

அந்த வாரம் அப்பாவுக்குத் தொலைவில் புஜைராவில் வேலை. அங்கே வேறு மிஷின் இருந்ததால் தன்னுடைய நெயில் கன்னை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பலகையில் ஆணி அடிக்கிற பேட்டரிக் கருவி அது. பிடியும் விசையும் துப்பாக்கியில் இருப்பதுபோலவே இருக்கும். அதன் மூக்கை மரத்தில் அழுத்தி விசையை இழுத்தால், தலையில்லாத மெல்லிய ஆணி ஒன்று டப்பென்று உள்ளே போகும். அழுத்தாவிட்டால் சுடாது. வாசலை ஒட்டிய செருப்பு ஸ்டாண்டின் மேல்தான் அதன் இடம். பிள்ளைகள் தொடக்கூடாது. எங்கள் வீட்டு அலமாரி செய்தபோது அம்மாவும் சில ஆணிகள் அடித்திருந்ததால் அம்மா தொடலாம்.

நடந்ததை எல்லாம் நான் அக்கா சொல்லித்தான் கேட்டேன். இந்த வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் கொஞ்சம் எரிகிறது.

பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, நாங்கள் இருவரும் படுத்திருந்தோம். நல்ல ஜூன் மாத வெயில். காலிங் பெல் அடித்திருக்கிறது. அவள் எழுந்து போனாள், நான் எழவில்லை. ஏசி பார்க்க வந்திருக்கிறேன் என்று ஒருவன் ஹிந்தியில் சொல்ல, அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். அவன் கதவைத் தள்ளிக் காலை உள்ளே விட்டான். இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டான். வலது கையில் அட்டைப்பெட்டி அறுக்கிற மஞ்சள் கட்டர் கத்தி. "சத்தம் வந்தா அந்தப் பொண்ணு கழுத்து இருக்காது" என்று அக்காவைக் காட்டினான். அம்மா பக்கத்திலிருந்த நெயில் கன்னை எடுத்து, நிலையில் இருந்த அவன் கையின் மேல் அழுத்தி விசையை இழுத்துவிட்டாள்.

ஆணி கையைத் துளைத்து மரத்தில் இறங்கியது. கத்தி கீழே விழுந்தது. அவன் அலறிக்கொண்டு கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். கீழே கட்டடத்தின் வாட்ச்மேனும் டயர் கடை ஆட்களும் அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அந்த அலறலில்தான் எனக்கு விழிப்பு வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து அக்காவை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் என்னை யாரும் பிடிக்கவில்லை. அந்த மடியில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது, நான் பார்த்தேன்.

அம்மா அப்பாவுக்கு போன் செய்தாள். ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் உடைந்து வந்தது.

"போலீஸ கூப்பிட்டாச்சா?"

"வாட்ச்மேன் கூப்பிட்டுட்டாராம்."

"நல்லாக் கேட்டுக்க. எது எங்க கெடக்கோ அப்படியே கெடக்கட்டும். ஒண்ணையும் தொடாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நான் கெளம்பிட்டேன்."

அம்மா மூன்று முறை சரிங்க என்றாள். போனை வைத்தாள். வாசலைப் பார்த்தாள். ரத்தச் சொட்டுகள், சிதறிக் கிடந்த செருப்புகள், ஹாலில் பெரியப்பாவின் சுருட்டாத பாய். நாலு பேர் வரப்போகிற வீடு இப்படியா கிடப்பது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கால்மணி நேரத்துக்குள் டெட்டால் ஊற்றித் தரையைத் துடைத்தாள். நிலையில் இருந்த கறையை ஈரத்துணியால் தேய்த்தாள். நெயில் கன்னைத் துடைத்து அலமாரிக்குள் வைத்தாள். கட்டர் கத்தியை சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பூன் டப்பாவில் ஸ்பூன்களோடு ஸ்பூனாக நிறுத்தினாள். ரத்தம் பட்ட கத்தி வாசலில் கிடந்தால் வீட்டுக்கு ஆகாதாம். அப்பா சொன்னதை அவள் மீறியதாக எனக்குத் தோன்றவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவருக்குச் சரிங்க சொல்கிற முறையே அதுதான்.

அதோடு விட்டாளா? அக்கா பயந்துபோயிருக்கிறாள் என்று உப்பும் மிளகாயும் எடுத்து அவளைச் சுற்றி, அடுப்பில் போட்டாள். எனக்குச் சுற்றவில்லை. "எனக்கும் சுத்தும்மா" என்றேன். "நீ தூங்கிட்டுல்ல இருந்த" என்றாள். திருஷ்டிகூட விழித்திருப்பவர்களுக்குத்தான் என்பது அன்று தெரிந்தது.

போலீஸ்காரர்கள் மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே உள்ளே வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண் அதிகாரி. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, ஹிந்தியும் காய்கறிக் கடை அளவுதான். எனவே அந்த அதிகாரி அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆங்கிலத்தில் கேட்க, அவள் மாற்றி மாற்றிச் சொன்னாள். அவளுக்கு ஒரு ஜூஸ் டப்பாவும் கிடைத்தது.

வந்தவர்களுக்கு முகம் கடுகடுவென்று இருந்தது. கீழே பிடிபட்டவன், ஏசி பார்க்க வந்த தன்னை இந்த அம்மாள் காரணமே இல்லாமல் சுட்டுவிட்டாள் என்று சொல்லியிருந்தான். அவன் கையில் ஓட்டை இருந்தது. அம்மா சொன்ன கத்தியோ சமையலறையில் பளபளவென்று இருந்தது.

"எல்லாவற்றையும் ஏன் கழுவினார்கள் என்று கேள்" என்றார் அதிகாரி.

அக்கா கேட்டாள். அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். "வீட்டுக்கு ஆள் வருதுன்னா பெருக்கித் துடைக்க மாட்டோமா? கேட்டுப் பாரு அவங்கள."

அக்கா அதை அப்படியே சொன்னாள். அதிகாரி பேனாவை நிறுத்தி அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கத்தியை நீ உன் கண்ணால் பார்த்தாயா என்று அக்காவிடம் மூன்று விதமாகக் கேட்டார். அவள் மூன்று விதமாகவும் ஒரே பதிலைச் சொன்னாள். யார் நீ என்றதற்கும் வாய்ப்பாட்டை ஒப்பித்தாள். நேற்றுதான் வந்தோம், விருந்தாளி. அதிகாரி அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அம்மா ஜெயிலுக்குப் போவதும் போகாததும் அவள் வாயில்தான் இருக்கிறது என்பது எனக்கே புரிந்தது. பெற்ற மகள் நான் இருக்க, அது எப்படி அவள் வாயில் இருக்கலாம்?

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனால் நானே சொன்னேன்.

"நான்தான் அம்மாவுக்குத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தேன்" என்றேன், எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில்.

எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பெண் அதிகாரி என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். அப்படி ஒரு சுகத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

"எப்போது கொடுத்தாய்?"

"பெல் அடித்தபோதே. அம்மா எடுத்துவரச் சொன்னாள். கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தாள்."

"கத்தியைப் பார்ப்பதற்கு முன்பே, கதவைத் திறப்பதற்கும் முன்பே அம்மா கையில் அது இருந்ததா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் வேகமாக எழுதத் தொடங்கினார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். மகள் எவ்வளவு சரளமாக இங்கிலீஷ் பேசுகிறாள் என்கிற சிரிப்பு அது.

அக்கா ஜூஸ் டப்பாவைக் கீழே வைத்தாள். "இவள் பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள்" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றேன் தமிழில்.

"தூங்கினாள் என்று உனக்கு எப்படித் தெரியும்? நீ வாசலில் அல்லவா நின்றாய்?" என்றார் அதிகாரி.

அக்கா அம்மாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு சொன்னாள். "நான் இவள் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். தினமும் அப்படித்தான். ஸ்கூல் விட்டு வந்ததும் இவள் தூங்குவாள், எழுப்பினாலும் எழ மாட்டாள். ஒன்பது மாதமாக நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன்."

அதோடு நிற்காமல் அதிகாரியின் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனாள். கட்டிலில் இரண்டு தலையணை. அலமாரியில் அவள் பாதி, என் பாதி. சுவரில் இரண்டு பேர் பெயரோடும் ஒட்டியிருந்த பரீட்சை அட்டவணை. கடைசியாக என் கன்னத்தைக் காட்டினாள். தலையணை ஓரத்தின் கோடு அதில் இன்னும் அழியவில்லை. நான் கையால் மூடிக்கொண்டேன்.

அதிகாரி நான் சொன்னதை எழுதிய வரிகளின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

அப்பா வந்து சேர்ந்ததும் அம்மாவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டாள். பாஸ்போர்ட்டை மட்டும் இரண்டு மாதம் வைத்துக்கொண்டார்கள். அதற்குள், அவன் இதே ஏசிக் கதையைச் சொல்லி வேறு இரண்டு வீடுகளில் புகுந்தவன் என்று தெரிந்தது. தன்னையும் பிள்ளையையும் காத்துக்கொள்ளச் செய்ததுதான், குற்றமில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

பெரியப்பா குடும்பத்துக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு குடும்பம் என்பது எழுத்தில் ஏறிவிட்டதே. கட்டடத்துக்காரர் அந்த வாரமே காலி செய்யச் சொன்னார். பெரியப்பா கம்பெனி ஆட்கள் தங்குகிற கேம்ப்புக்குப் போவது, பெரியம்மாவும் அக்காவும் பெரம்பலூருக்குத் திரும்புவது என்று முடிவானது.

அன்று பெரியப்பா அக்காவைக் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன் அவர் அவளை அடித்து நான் பார்த்ததில்லை. "வாயத் தொறக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னோம்? எதுக்குடி சொன்ன?"

"மறந்துட்டேன்" என்றாள்.

"படிப்புல மொதல், புத்தியில கடைசி" என்றாள் என் அம்மா. பாஸ்போர்ட் போன கவலையில் இருந்தாள். "கத்தியப் பாத்தேன்னு சொன்னியே, அதோட நிறுத்திக்கக் கூடாதா? சொந்த வீட்டுலயே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டியே."

அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் என்ன சொன்னேன் என்பது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அக்கா என்னை ஒரு முறை பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன். என்னைப் பொய்க்காரியாக்கியவளுக்கு நன்றாக வேண்டும் என்று இருந்தது. அவள் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும், "உன் வாய்தானேடி அன்னிக்கு எல்லாரையும் ஊருக்கு அனுப்பிச்சிது" என்று என் அம்மா கேலி செய்தால் சிரித்துக்கொள்கிறாள்.

அவர்களை விமானம் ஏற்றிவிட்டு வந்த மத்தியானம் அம்மா எனக்கு மட்டும் தோசை ஊற்றினாள். முறுகலாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போய்க் கட்டிலின் நடுவில் கையையும் காலையும் அகல விரித்துப் படுத்தேன். என் அம்மாவை எனக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போனவள் அவள்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. கட்டில் முழுக்கத் திரும்பக் கிடைத்துவிட்டது என்பதுதான் தெரிந்தது. அன்றும் நன்றாகத் தூங்கினேன்.