தண்ணி வர்ற வரைக்கும்

ஹாஃபிஸாவுக்குப் பேச்சில் சுத்தம் வேண்டும். மீன்காரரிடம் "நல்லதாப் பாத்துப் போடுங்க" என்று அவள் கேட்டதே கிடையாது. என்ன மீன், எவ்வளவு, தலை வேண்டுமா வேண்டாமா என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் பையை நீட்டுவாள். ஷார்ஜாவில் இருக்கும் கணவன் சித்தீக் போனில் "அப்புறம்?" என்று இழுத்தால், "எதுக்கு அப்புறம்?" என்பாள். "உன்னக் கட்டுனதுக்கு ஒரு கம்ப்யூட்டரக் கட்டியிருக்கலாம்" என்று அவன் சிரிப்பான். அவளுக்கு அது ஏச்சாகப் பட்டதில்லை. மனிதர்கள் நினைப்பது ஒன்று, சொல்வது ஒன்று. கம்ப்யூட்டரிடம் அந்தக் கோணல் இல்லை, சொன்னதைச் செய்யும் என்பது அவள் கட்சி.

குடவாசலிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போய், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் அவள் கம்ப்யூட்டர் மிஸ்ஸாக இருந்தாள். அங்கே இருந்த கம்ப்யூட்டர்களில் பாதிக்கு வயரை எலி தின்றுவிட்டது. மீதிக்குக் கரண்ட் வேண்டும், கரண்டுக்கோ மனசு வர வேண்டும். ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் சும்மா உட்கார வைத்தால் கூரை பிய்ந்துவிடும் என்று அவளே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போடுவாள். ஒரு பிள்ளை மிஷின், மற்ற பிள்ளைகள் கட்டளை போட வேண்டும். நட, திரும்பு, குனி, எடு. சொல்லாததை மிஷின் செய்யக்கூடாது, சொன்னதை விடவும் கூடாது.

பிள்ளைகளுக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. ஒருநாள் அண்ணாதுரை என்ற பொடியன் மிஷினாக இருந்தபோது "சோத்த எடு, கையத் தூக்கு" என்றார்கள், வாயைத் திறக்கச் சொல்ல மறந்துவிட்டார்கள். தயிர்சாதம் முழுக்கக் கன்னத்தில் அப்பிக்கொண்டு நின்றான். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. "பாத்தீங்களா, தப்பு மிஷின் மேல இல்ல. சொன்னவங்க மேல" என்றாள் ஹாஃபிஸா. விளையாட்டு முடியும்போது ஒரே மாதிரிதான் சொல்வாள். "முடிஞ்சுது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க." அதைக் கேட்ட பிறகுதான் மிஷின் பிள்ளையாகலாம் என்பது சட்டம்.

இரண்டாம் வகுப்பு இசைவாணி மிஷினானால் மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள். மற்ற பிள்ளைகளுக்கு உதட்டோரம் துடிக்கும், கண் அலையும். இவளுக்கு அப்படி எதுவும் இல்லை. காலில் கட்டெறும்பு ஏறிக் கடித்தபோதுகூட அவள் குனியவில்லை, குனியச் சொல்லி யாரும் கட்டளை போடவில்லையே. அந்த நேரத்தில் அவள் கண்ணைப் பார்க்க ஹாஃபிஸாவுக்கே ஒரு மாதிரி இருக்கும். உள்ளே இருந்தவள் எங்கோ எழுந்து போய்விட்டது போல இருக்கும்.

பள்ளியில் ஆயாவாக இருந்தவள் வள்ளியம்மை. ஒருநாள் பெருக்கிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"டீச்சர், வேற என்ன வேணா சொல்லுங்க. அந்த முடிஞ்சுதுங்கற வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க."

ஏன் என்று ஹாஃபிஸா கேட்கவில்லை, ஊரே அறிந்த கதை அது. ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள் அப்படியே கிடந்தன. முந்தின வருஷம் புதுத் தண்ணீர் வந்த அன்று வள்ளியம்மையின் மகன் ராம்கி அவற்றில் ஒன்றில் மூழ்கிப் போய்விட்டான். கரையில் கிடத்தி, மூக்கில் விரல் வைத்துப் பார்த்த யாரோ ஒருவர் சொன்ன வார்த்தை அது. ராம்கிக்கு முன்னாலும் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். ஆற்றுக்கு வருஷத்துக்கு ஒன்று வேண்டும் என்று ஊரில் பேச்சாகவே இருந்தது.

ஹாஃபிஸா கல்நெஞ்சுக்காரி இல்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். பிள்ளைகளைக் கலைக்கும் வேலையை மணி பார்த்துக்கொண்டது.

மேட்டூரில் திறந்த தண்ணீர் மறுநாள் ஊருக்கு வந்து சேரும் என்று பேச்சு அடிபட்ட அன்று, அவள் 'வரைக்கும்' என்ற பாடம் எடுத்தாள். எத்தனை அடி என்று சொல்லாமல், எதுவரை என்று சொல்லும் பாடம். "சுவர் வர்ற வரைக்கும் நட" என்றால் மிஷின் சுவர்வரை நடந்து நின்றது. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. கடைசியாகத் தரையின் கோடியில் நீல சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, "இது ஆறு" என்றாள். இசைவாணி மிஷினாக நின்றாள்.

"தண்ணி வர்ற வரைக்கும் நட."

இசைவாணி பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டாள், மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பாய்ந்து ஓடியதில் நீலக் கோடு மிதிபட்டு அழிந்தது. தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. ஹாஃபிஸா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் வகுப்பு வெறிச்சென்று கிடந்தது. தண்ணீர் பார்க்க ஊர் முழுக்கப் பூவும் நெல்லுமாகப் பாலத்துக்குப் போயிருந்தது. வாசலில் இசைவாணியின் அம்மா செந்தாமரை மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க பொண்ணு இங்க வந்தாளா? ராத்திரி பூரா உக்காரவே இல்ல. கூடத்துக்கும் கொல்லைக்குமா நடந்துக்கிட்டே கெடந்தா. ஏண்டின்னா, இன்னும் வரல, இன்னும் வரலங்கறா. இப்ப ஆளையே காணோம்."

ஹாஃபிஸாவின் கண் தரைக்குப் போனது. அங்கே நீலம் ஒரு தீற்றலாகத் தேய்ந்து கிடந்தது. 'வர்ற' என்று சொன்னபோது அவள் மனசில் இருந்தது அந்த நீலக் கோடு. பிள்ளை போய்ச் சேர வேண்டிய கோடு. ஆனால் இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தண்ணி வருவது என்றால் ஒன்றே ஒன்றுதான், அது மேற்கிலிருந்து வரும். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது.

"யா அல்லாஹ்" என்றபடி அவள் ஓடினாள். செந்தாமரை ஓடினாள். என்ன ஏது என்று கேட்காமல் வள்ளியம்மையும் பின்னால் ஓடினாள்.

ஆறு வெறும் மணலாக வெளுத்துக் கிடந்தது. தென்கரையில் ஏறி நின்று பார்த்தால், நடு ஆற்றில், பாலத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி, நீலப் பாவாடை ஒன்று மேற்கே போய்க்கொண்டிருந்தது. கை வீசாத அதே நடை. மணலில் காலடித் தடங்கள் இருந்தன. ஒரு பிள்ளையின் தடம் போல இல்லை, ஒரு வரிசையே நடந்தது போலச் சின்னச் சின்னப் பாதங்களாக நிறைய இருந்தன. ஹாஃபிஸா அதைப் பார்த்தாள். நின்று யோசிக்க நேரமில்லை.

"நில்லுடி! பாப்பா, நில்லுடி!" செந்தாமரை அலறினாள். பிள்ளை தலையைக்கூடத் திருப்பவில்லை. அவளுக்கு நேர் எதிரே மணல் பள்ளம் வாயைப் பிளந்து கிடந்தது. அதற்கும் அப்பால், வளைவுக்குப் பின்னாலிருந்து, முறத்தில் நெல் புடைப்பது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் இன்னும் கண்ணில் படவில்லை.

நில் என்று சொல்லிப் பயனில்லை என்று ஹாஃபிஸாவுக்கு உறைத்தது. அவள் போட்ட கட்டளையில் நில் என்ற சொல்லே கிடையாது. அவள் நெஞ்சு வெடிக்கக் கத்தினாள்.

"தண்ணி வந்துட்டு!"

இசைவாணி நின்றாள். தூக்கிய கால் கீழே இறங்கியது, அவ்வளவுதான். பள்ளத்தின் விளிம்பில் ஓடாமல், அழாமல், வளைவைப் பார்த்தபடி நின்றாள். அடுத்த கட்டளை வரவில்லையே.

"இடது பக்கம் திரும்பு!" ஹாஃபிஸா ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கத்தினாள். ஒரு சொல் பிசகினாலும் போச்சு. "நட! நேரா நட! கரையில ஏறு! கையக் குடு!"

சில்லிட்டிருந்த கையை அவள் பற்றி இழுத்தபோது, நுரையும் சருகும் சுருட்டிக்கொண்டு தண்ணீர் வளைவைத் தாண்டியது. பள்ளத்தின் விளிம்பு பொலபொலவென்று சரிந்து உள்ளே போனது. பாலத்துப் பக்கம் குலவைச் சத்தம் எழுந்தது.

செந்தாமரை மகளை அள்ளி அணைத்தாள். பிள்ளை அவள் மார்பில் கட்டைபோலக் கிடந்தது. கண் இன்னும் திரும்பி வரவில்லை. "பாப்பா, அம்மாடி, அம்மாவப் பாருடி" என்று உலுக்கினாள், ஒன்றும் நடக்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று ஹாஃபிஸாவுக்குத் தெரியும். அவள் வள்ளியம்மையைப் பார்த்தாள். வள்ளியம்மை ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க டீச்சர்" என்றாள், முகத்தைத் திருப்பாமலே.

ஹாஃபிஸா வகுப்பறைக் குரலில், பழக்கதோஷத்தில் முழுசாகவே சொன்னாள்.

"முடிஞ்சுது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

இசைவாணியின் தோள் தொய்ந்தது. "அம்மா" என்று வீறிட்டு அழுதாள். மூன்று பெண்களும் கூடச் சேர்ந்து அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அம்மாவின் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால் கரையைப் பார்த்தது.

"அவங்களும் ஏறிட்டாங்க மிஸ்."

"யாரும்மா?"

"எனக்கு முன்னால நடந்தாங்கல்ல, அவங்கதான். அவங்ககிட்டயும் யாரும் முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லவே இல்லையாம். நீங்க சொன்னதும் வீட்டுக்குப் போறாங்க."

ஹாஃபிஸா திரும்பிப் பார்த்தாள். கரை காலியாக இருந்தது. மணலில் இருந்த தடங்களை எல்லாம் தண்ணீர் மூடிவிட்டது. எல்லாரும் என்று சொன்னோமே, எல்லாரும் என்றால் யார் யார் என்று சொல்லவில்லையே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வள்ளியம்மையின் கை இடுப்பைத் தடவிச் சாவிக்கொத்தைப் பிடித்தது.

"வீட்டப் பூட்டிட்டு வந்துட்டேனே டீச்சர்" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருவைப் பார்த்து ஓடினாள்.