வரிசை இல்லாத வரிசை

திருப்பதியில் ஒரு ஆள் கம்பித் தடுப்பு ஓரமாகப் பேசாமல் நின்றால், அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வெளியூரிலிருந்து படிக்க வந்த எங்கள் சீனியர்களுக்கு அது தெரியவில்லை. இந்தப் பக்கத்துக்காரி எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கோ ஒரு நாட்டில் ஒரு இனத்தையே ஊர் ஊராகக் கொன்றுகொண்டிருந்தார்கள். அதைக் கண்டித்து ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மணி நேரம் அட்டை பிடித்து நிற்பது என்று கல்லூரியில் முடிவானது. வாயைத் திறக்கக் கூடாது. யாராவது கேட்டால் துண்டறிக்கையை நீட்ட வேண்டும். முதல் வாரம் நல்ல கூட்டம். செல்ஃபி எடுத்து முடித்ததும் பாதி கரைந்தது. மீதியைப் பரீட்சையும் ஸ்ரீசிட்டி கம்பெனி இன்டர்வியூக்களும் தின்றுவிட்டன. கடைசியில் நானும் என் அறைத்தோழியும்தான் மிஞ்சினோம். அந்தச் சனிக்கிழமை அவளும் தலைவலி என்று மெசேஜ் அனுப்பிவிட்டாள்.

போகிற வழியில் எங்கள் ஊர் நகரியிலிருந்து நைனா கூப்பிட்டார். பின்னால் பவர்லூம் ஓடுகிற சத்தம்.

"எங்கியோ சாவறாங்கோ. நீ ரோட்டுல நின்னுக்கினு இருந்தா நின்னுடுமா? ரூமுக்குப் போம்மா."

கோபத்தில் போனை வைத்தேன். இன்றைக்கு ஒரே ஒரு ஆளாவது என் பக்கத்தில் வந்து நிற்கட்டும், இல்லாவிட்டால் இதோடு விட்டுவிடுவது என்று சபதம் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். இன்னொருவர் வந்தார். பிறகு ஒரு குடும்பமே வந்தது போலச் சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் அட்டையை இன்னும் உயர்த்திப் பிடித்தேன்.

"லைன் இதேனா அம்மா?" என்று தெலுங்கில் ஒரு குரல் கேட்டது.

"இதான், தரிசன டோக்கன் லைன். பையைக் கீழ வெச்சிட்டு நில்லு" என்று ஒருவர் தமிழில் பதில் சொன்னார்.

திரும்பினேன். மொட்டைத் தலைகள், சந்தனம், மூட்டைகள். துண்டறிக்கையை நீட்டினேன். முன்னால் நின்றவர் வாங்கி விசிறிக்கொண்டார். வேறு வழியில்லாமல், இது டோக்கன் வரிசை இல்லை என்று இரண்டு மொழியிலும் கத்தினேன்.

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்தே?"

அவர் திட்டியதில் தப்பே இல்லை. எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஒரு பெண் மட்டும் நின்றார். இடுப்பில் தூங்குகிற குழந்தை, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் மொட்டை. அட்டையில் தெலுங்குக்குக் கீழே நான் எழுதியிருந்த தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"செத்தவங்க உன் சொந்தமா?"

"இல்லக்கா."

"நீ நிக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"அப்ப நீ பூட்டாலும் தெரியாது. இருட்டிக்கினு வருது கண்ணு, ஊட்டுக்குப் போ" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, மற்றவர்கள் போன பக்கம் வேகமாக நடந்தார்.

அத்தனை பாசமாக அவர் சொல்லியிருக்க வேண்டாம். நைனாவிடம் கோபப்பட முடிந்தது, இவரிடம் முடியவில்லை. அதுவரை எனக்குத் துணை இல்லையே என்றுதான் நான் குமைந்துகொண்டிருந்தேன். ஒருத்தி தங்களுக்காக நிற்கிறாள் என்பதுகூடத் தெரியாமல் செத்துக்கொண்டிருப்பவர்களை அப்போதுதான் உண்மையாக நினைத்தேன். நடுரோட்டில் அழுதேன். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

நேரம் முடிகிறவரை நின்றேன். யாரும் வரவில்லை. போட்ட சபதத்தின்படி பார்த்தால் அதோடு விட்டிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமையும் போனேன். படிப்பு முடிந்து ஊர் திரும்புகிறவரை போனேன். பக்கத்தில் யாரும் வந்து நிற்கவே இல்லை.