எழுபத்திரண்டில் ஒரு பங்கு

ஐம்பத்தொரு வயது மனிதர் ஒருவர் பொம்மைக் கடை பொம்மைக் கடையாக ஏறி இறங்கினால் ராயபுரம் சும்மா இருக்குமா? லியோனார்டுக்குப் பேரப்பிள்ளை கிடையாது. மகள் ஜானட்டுக்கு இன்னும் வரனே அமையவில்லை. அப்புறம் யாருக்குப் பொம்மை என்று சர்ச் வாசலிலேயே கேட்டார்கள். கூட வேலை பார்த்தவன் செத்ததில் ஆளுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று தீர்ப்பும் சொன்னார்கள். தீர்ப்புச் சொல்ல நம் ஆட்களுக்கு நீதிமன்றமா வேண்டும், டீக்கடை பெஞ்சு போதும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று மனைவி ஐரீன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

அவர் தேடியது சாதாரணப் பொம்மை இல்லை. லாரியையும் டாங்கியையும் கரையில் இறக்கக் கடற்படைக்காரர்கள் ஒரு படகு வைத்திருப்பார்கள். அடிப்பாகம் தட்டையாக இருக்கும். முகப்பு முழுக்க ஒரே இரும்புக் கதவு, அதன் மேல்பாதி கம்பிக் கிராதி. கரையில் முட்டி நின்று கதவைச் சாய்த்தால் அதுவே பாலமாகிவிடும். அந்தப் படகை அளவு பிசகாமல் சிறிதாக்கி, பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் அடைத்து, நீயே ஒட்டிக்கொள் என்று வெளிநாட்டில் விற்கிறார்கள். அப்படி ஒரு பெட்டி ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதிக்குள் அவருக்கு வேண்டும். அன்றைக்குத்தான் விசாரணை.

லியோனார்ட் அந்த மாதிரிப் படகில் வின்ச்சு ஓட்டியவர். எண்ணூரில் துறைமுகம் கட்டிய சமயம், ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி கடற்படை கழித்துப்போட்ட படகை ஏலத்தில் எடுத்துக் கல் ஏற்றி இறக்கியது. ஆட்கள் அதற்கு வைத்த பெயர் வாய்தொறந்தான். கதவு முன்கோடியில், கதவின் வடத்தைச் சுற்றும் வின்ச்சு பின்கோடியில். வடம் அறுந்து வீசினால் ஓட்டுகிறவன் முகம் பெயர்ந்துவிடும் என்று வின்ச்சுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தகடு நிறுத்தியிருந்தார்கள். ஆகவே அங்கே கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான். கதவருகே நிற்கும் வியாசர்பாடி கிருஷ்ணப்பன் சுத்தியலால் படகின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் தூக்கு. இரண்டு தட்டினால் இறக்கு. சாப்பாட்டுக்கு வா என்பதற்கு மூன்று. மூன்று வருஷம் இருவரும் வாயால் பேசியதைவிடத் தட்டுகளால் பேசியதே அதிகம்.

இரண்டாயிரமாவது வருஷம் மே மாதக் கத்திரியில் ஒரு மத்தியானம் இரண்டு தட்டுக் கேட்டது. லியோனார்ட் பிரேக்கைத் தளர்த்தினார். கதவு இறங்கியது. கதவின் கீலில் சிக்கிய கல் ஒன்றைப் பிடுங்குவதற்காக அதன் அடியில் குனிந்திருந்தார் கிருஷ்ணப்பன். சுத்தியல் அவர் இடுப்பில் செருகியபடியே இருந்தது. கரையில் கொட்டியிருந்த குவியலிலிருந்து சரிந்த இரண்டு கற்கள் படகில் மோதிய சத்தத்தைத்தான் லியோனார்ட் கேட்டிருக்கிறார்.

எடுத்துப் போகிற அன்று, கிருஷ்ணப்பனின் மனைவி வரலட்சுமி எல்லார் முன்னாலும் ஒரு பிடி மண்ணை அள்ளி லியோனார்ட் மேல் தூற்றினாள். "பாத்துகினே எறக்கிட்டியேடா பாவி. கண்ணு இன்னாத்துக்கு கீது உனுக்கு?" என்றாள். தகடு மறைக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொன்னது அந்தப் பறைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. பிறகு இரண்டு முறை வீடு தேடிப் போய்ச் சொன்னார். அவள் கதவைச் சாத்தினாள். வாய்தொறந்தானை அவள் கண்ணால் கண்டதில்லை, எப்படி நம்புவாள்?

காட்டலாம் என்றால் படகும் இல்லை. ஒரே வாரத்தில் கம்பெனி அதை இழுத்துப்போய் இரும்புக் கடைக்கு வெட்டக் கொடுத்துவிட்டது. கவனக்குறைவு என்று இவரை சஸ்பெண்ட் செய்து, விசாரிக்க ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை வைத்தது. அவரும் படகைப் பார்த்தவர் இல்லை. வேலை போனால் ஒழிகிறது என்ற நிலைக்கு லியோனார்ட் எப்போதோ வந்துவிட்டார். வரலட்சுமி நம்ப வேண்டும். பார்த்துக்கொண்டே கொன்றவன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்வரை சோறு இறங்கவில்லை, ஜெபம் வரவில்லை.

ஜானட்தான் பிரவுசிங் சென்டரில் அந்தப் பெட்டியின் படத்தைக் கண்டுபிடித்துக் காட்டினாள். அச்சு அசல் வாய்தொறந்தான். வரவழைக்க இரண்டு மாதம் ஆகும் என்றதும் மனிதர் தெருவில் இறங்கிவிட்டார். பர்மா பஜாரில் விமானம் இருந்தது, டாங்கி இருந்தது, பீரங்கிக் கப்பல்கூட இருந்தது. மவுண்ட் ரோடு கடையில் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார்கள். துறைமுக வாசலில் நின்று வெளிநாட்டுக் கப்பல்காரர்களிடம் படத்தை நீட்டினார். பிச்சை என்று நினைத்து ஒருவன் சிகரெட் கொடுத்தான்.

கடைசியில் மூர் மார்க்கெட்டில் காத்தூன் பீவி அகப்பட்டார். கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகிற பழைய சாமான்களை வாங்கி விற்கிற அம்மா. ஜூலை கடைசியில், படத்தில் அந்தப் படகே போட்ட பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். லியோனார்ட் அதைத் திறக்கக்கூட இல்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வீட்டில் திறந்தால் உள்ளே ஒற்றை இறக்கையோடு ஒரு விமானம். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஐரீன் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அதைப் பார்த்ததில்லை.

மறுபடி மறுபடி போனார். பதினேழாம் தேதி காத்தூன் பீவி, "நைனா, இந்த வாட்டி தொறந்து பாத்துட்டு எடுத்துக்கினு போ" என்று ஒரு கிழிந்த பெட்டியை நீட்டினார். எல்லாத் துண்டுகளும் சட்டத்தில் ஒட்டியபடியே இருந்தன. மேலே அளவு போட்டிருந்தது: எழுபத்திரண்டில் ஒரு பங்கு.

மூன்று நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒட்டினார். ஒவ்வொரு துண்டும் அவர் கைக்குப் பழகிய சாமான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் கடைசித் துண்டை எடுத்தார். வின்ச்சுக்கு முன்னால் நிற்கும் தகடு. அதன் நடுவில் துவரம்பருப்பு அளவுக்குச் சதுரமாக ஒரு ஓட்டை இருந்தது. அச்சில் பிசகு என்று நினைத்துப் பட்டிப் பசை வைத்து அடைக்கப் பார்த்தார். அடைக்குமுன், சும்மாதான், தகட்டை அதன் இடத்தில் நிறுத்தி ஓட்டையில் கண்ணை வைத்தார். கதவு தெரிந்தது. கீல் தெரிந்தது. கிராதி வழியாக, கீலுக்கு அடியில் ஓர் ஆள் குனிகிற இடமும் தெரிந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் அந்தத் தகடு தோசைக்கல்லாய்க் கொதித்து, அவர் முழங்கைத் தோல் உரிந்துபோனது. மறுநாளே ஒரு கோணிச்சாக்கைக் கடல் தண்ணீரில் நனைத்து, தகட்டின் மேல் விளிம்பிலிருந்து தொங்கவிட்டார். வின்ச்சு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். அதற்கப்புறம் வெயிலானாலும் மழையானாலும் சாக்கு அங்கேயே கிடந்தது. முகத்துக்கு நேரே சாக்குத்தான், பின்னால் ஓட்டை இருந்ததே மறந்துபோனது. தகடு மறைத்தது என்று அவர் சொன்னது பொய் இல்லை, அப்படித்தான் நம்பினார். கம்பெனி ஆட்களும் ஓட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த இடத்தில் ஒரு நாளாவது நின்றிருந்தால் அல்லவா தெரியும்?

ஐரீன் வந்து முகத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்றாள். ஒன்றுமில்லை என்றார். அவள் போனதும் ஓட்டையில் பட்டியை அழுத்தி, மேலே சாம்பல் பெயிண்டைத் தடவினார். குற்றம் சொல்கிறவர்கள் சொல்லலாம். மூன்று மாதம் கொலைகாரன் பட்டத்தோடு நடந்தவன் கையில் அந்தப் பட்டியைக் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

விசாரணையில் லியோனார்ட் மேஜை மேல் படகை வைத்துத் தட்டுக் கணக்கைச் சொன்னார். அதிகாரி நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வின்ச்சு இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லையே என்று கிளார்க்கிடம் எழுதச் சொன்னார். பிறகு, சாட்சி சொல்ல வந்திருந்த வரலட்சுமியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது. லியோனார்டுக்கு எதிரில் வந்து கையைக் கூப்பினாள்.

"மன்னிச்சிக்கோ அண்ணாத்த. ஒண்ணும் தெரியாம உம்மேல மண்ண வாரித் தூத்திட்டேன்" என்றாள்.

மூன்று மாதமாக அவர் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான். கிடைத்துவிட்டது. அவளுடைய கூப்பிய கையைப் பார்க்க அவரால் முடியவில்லை. சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் தகட்டின் நடுவில் குத்தினார். பட்டி இன்னும் இறுகவில்லை, பிதுங்கி மறுபக்கம் விழுந்தது.

"இன்னொரு தபா பாரு வரலட்சுமி" என்றார். "இந்த ஓட்டை நெசத்துலயே இருந்துச்சு. வெயிலு தாங்காம சாக்கு தொங்க உட்டு மறைச்சது நான்தாம்மா. நேத்துதான் எனுக்கே நெனப்பு வந்துச்சு. அதையும் அடைச்சி எடுத்துகினு வந்தேன்."

கிளார்க்கின் பேனா நின்றது. வரலட்சுமி குனிந்து ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

"அவரு குனிஞ்சிகினு இருந்த எடம் எது?" என்று கேட்டாள்.

லியோனார்ட் விரலைக் கொண்டுபோய்க் கதவின் அடியில் வைத்தார்.

"தெரியுது" என்றாள் அவள், கண்ணை எடுக்காமலே. "உன் வெரலு ஆடுறதுகூட நல்லா தெரியுது."