சூதானம் என்று சொல்லி அனுப்புவது

"சூதானம்னா ஓடணுமாம்மா, நிக்கணுமா?"

எல்கேஜி படிக்கும் என் மகள் மித்ரா கேட்ட கேள்வி இது. கேட்டு நாளாகிவிட்டது, இன்னும் நான் பதில் சொல்லவில்லை. தோசை ஊற்றும்போதும், அவளுடைய இன்னொரு காலுறையைத் தேடும்போதும் அது என் பின்னாலேயே நடக்கிறது. வரும் திங்கட்கிழமை நானும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறேன். அன்றிலிருந்து மாலையில் அவள் பள்ளி வேனை விட்டு இறங்கும்போது நான் அங்கே இருக்கமாட்டேன். அதற்குள் பதில் தெரிந்தாக வேண்டும்.

நாங்கள் சாத்தூர்ப் பக்கம். கணவருக்கு ஓசூரில் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வாடகை குறைவு என்று சானமாவு போகும் வழியில், ஊர் முடிந்து ராகிக் கொல்லைகள் தொடங்கும் இடத்தில் வீடு பிடித்தோம். ஒரே மாநிலத்துக்குள் இடம் மாறியதற்குப் புலம்பெயர்வு என்று பெயரா என நீங்கள் சிரிக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். ஆனால் வந்த புதிதில் ஓர் ஆட்டோவில் ஏறி, "அண்ணே, சூதானமா போங்க" என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "அது எந்த ஸ்டாப்பு அக்கா?" என்றார். தமிழர்தான். கவனம் என்று சொல்ல இங்கே தமிழோ தெலுங்கோ கன்னடமோ, எல்லோருக்கும் உஷார்தான். என் சொல்லை நான் வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொண்டேன். மித்ராவிடம் மட்டும் அதை ஓயாமல் சொன்னேன்.

எங்கள் வீட்டில் அது அப்பாவுக்கான சொல். அவர் பட்டாசு ஆலைக்குப் போனார். காலையில் சைக்கிளை எடுக்கும்போது அம்மா வாசலில் நின்று "சூதானம்" என்பாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். எங்கிருந்தாவது வெடிச் சத்தம் கேட்டால் தெருவே அசையாமல் நிற்கும். எந்தப் பக்கம், எந்த ஆலை என்று தெரியும்வரை ஒருவரும் பேசமாட்டார்கள். அப்பா ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தார். அந்தச் சொல்தான் அவரைக் கூட்டி வருகிறது என்று நான் நம்பினேன்.

ராகி முற்றும் பருவத்தில் இங்கே யானைகள் வரும். அப்படி ஒரு நாள் மாலை எதிர்வீட்டு மஞ்சுளா வாசலில் இருந்தே கூப்பிட்டாள். என் வயதுக்காரி, விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். "ஏரிக்கு அந்தாண்ட ஆனை நிக்குதாம் மா. தொரத்தப் போயிருக்காங்க. புள்ளைங்க இங்கியே வெளையாடட்டும், அந்தப் பக்கம் உடாத." சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். மித்ராவும் அவள் மகள் சிந்துவும் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்று, "சூதானம், பாப்பா" என்றேன். ராகிக் கொல்லைப் பக்கம் வெடி வெடித்தது. யானை விரட்டும் பட்டாசு. சிந்து ஒரே ஓட்டமாக வீட்டுக்குள் போய்விட்டாள். மித்ரா நடுத்தெருவில் நின்றாள். கைகளை இறுக்கி, கண்களை அகல விரித்து, மூச்சுகூட விடாமல்.

நானும் நின்றேன். கை நிலைக்கதவைப் பிடித்திருந்தது, கால் எழவில்லை. எந்தப் பக்கம், எந்த ஆலை என்று என் காது தேடிக்கொண்டிருந்தது.

மஞ்சுளாதான் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். "இன்னா மா, ரெண்டு பேரும் செலையாட்டம்? ஆனை வந்தா உங்களைக் கும்பிட்டுட்டுப் போவும்னு நெனைச்சியா?"

யானைகள் தெருப் பக்கமே வரவில்லை, காட்டுக்குத் திரும்பிவிட்டன. வந்த வெட்கத்தை மகள்மேல் கொட்டினேன். "ஏன்டி ஓடி வரல?"

"நீதானம்மா சூதானம்னு சொன்ன. நான் சூதானமாத்தான் நின்னேன்."

அப்புறம்தான் அந்தக் கேள்வி.

ரோட்டில் லாரி வந்தால் நிற்க வேண்டும். வெடி கேட்டால் ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் கொடுத்திருக்கிறேன். மஞ்சுளாவைப் போல எது, எங்கே என்று சொல்லலாமே என்கிறார் கணவர். ஆனால் அதே மஞ்சுளா, கம்பெனி பஸ்ஸும் டிப்பர் லாரியும் பறக்கும் ரோட்டில் போன் பேசிக்கொண்டே சிந்துவை இழுத்துக்கொண்டு குறுக்கே நடப்பாள். கேட்டால், "அவன் பிரேக் போடுவான், உடு" என்பாள். காலையில் வாசலுக்கே வரும் பள்ளி வேன் மாலையில் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். திங்கட்கிழமையிலிருந்து மித்ராவை வேனிலிருந்து இறக்கி அந்த ரோட்டைத் தாண்டிக் கூட்டி வரப்போகிறவள் அவள்தான். வேறு ஆள் எனக்கு இல்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "அப்பாட்ட சூதானம்னு சொல்லுவியே, என்ன செய்யணும்னு நெனைச்சும்மா சொல்லுவ?"

"என்னத்த நெனைக்க? சொல்லாம அனுப்ப மனசு வரல, சொன்னேன்."

அப்படியானால் அது அப்பாவுக்கான சொல்லே இல்லையோ? வாசலில் நிற்பவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதோ? அதையா நான் ஒரு சின்னப் பிள்ளையின் தோளில் ஏற்றி அனுப்புகிறேன்?

சொல்லாமல் இருந்து பார்த்தேன். பையை மாட்டிக்கொண்டு மித்ரா வாசலிலேயே நின்றாள். வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை. "சூதானம்" என்றேன். உடனே ஏறிவிட்டாள். வேன் கிளம்பியதும் ஜன்னலில் முகம் வைத்து, மஞ்சுளாவின் ராகத்திலேயே எனக்குச் சொன்னாள்: "உஷாரு மா!"

எங்கள் ஊர்ச் சொல்லை எடுத்துக்கொண்டு அவள் போகிறாள். இந்த ஊர்ச் சொல்லை வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்கிறேன்.

பிள்ளையை வெளியே அனுப்பும்போது உங்கள் வீட்டில் என்ன சொல்கிறீர்கள்? அதைக் கேட்ட பிள்ளைக்கு ஓடுவதா நிற்பதா என்று தெரிகிறதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். திங்கட்கிழமைக்குள் எழுதினால் நல்லது.